புராஸ்டேட் கேன்சர் என்று ரிப்போர்ட் வந்தால்: பயாப்ஸி முதல் சிகிச்சை வரை ஒரு முழு வழிகாட்டி

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் அறுபதைத் தாண்டிய ஆண்களுக்கு புராஸ்டேட் கேன்சர், அதாவது மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில் வரும் புற்றுநோய், பெரும்பாலும் மூன்று வழியில் தெரியவருகிறது. பிள்ளைகள் வற்புறுத்தி எடுத்த ஹெல்த் செக்கப்பில் பி.எஸ்.ஏ. என்ற ரத்த டெஸ்ட் அதிகம் என்று வரும். அல்லது ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போகிறார், மூத்திரம் அடைத்துக்கொண்டது என்று காட்டப்போய், புராஸ்டேட் வீக்கம் என்று நினைத்து ஆபரேஷன் செய்து எடுத்த துணுக்குகளை லேபுக்கு அனுப்பியதில் தெரியும். மூன்றாவது வழிதான் மோசம்: முதுகுவலி, இடுப்புவலி என்று மாதக்கணக்கில் தைலம் தேய்த்துவிட்டு ஸ்கேன் எடுத்தால் எலும்பில் பரவியிருக்கும்.

எப்படித் தெரிந்தாலும் வீட்டில் நடப்பது ஒரே கூத்துதான். ஒருத்தர் உடனே ஆபரேஷன் என்பார், இன்னொருத்தர் கத்தி பட்டால் பரவிடும் என்பார், மூத்த மகன் டாக்டரிடம் தனியாகப் போய் "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார்" என்பார். கொஞ்சம் பொறுங்கள். புராஸ்டேட் கேன்சரில் பல வகை மெதுவாக வளர்பவை. சில வகை மட்டும் வேகமாகப் போகும். உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் எந்த முடிவும் எடுக்க முடியாது, அதைத் தெரிந்துகொள்ள சில வாரம் செலவானால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் கெட்டுப்போகாது. நான் டாக்டர் இல்லை. பெரியப்பாவுக்காக ஆஸ்பத்திரி ஓபி வரிசைகளில் நின்றும், டாக்டர்களைக் கேட்டும், படித்தும் சேர்த்ததைத்தான் எழுதுகிறேன். கடைசி முடிவு உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து எடுப்பது.

பி.எஸ்.ஏ. எண்ணைப் பார்த்ததும் பதற வேண்டாம்

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம், அது ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறார்கள். 4 வரை நார்மல் என்று லேப் ரிப்போர்ட்டில் போட்டிருக்கும். ஆனால் 3 இருந்தும் கேன்சர் இருந்தவர்கள் உண்டு, 12 இருந்தும் வெறும் வீக்கம் மட்டுமே இருந்தவர்களும் உண்டு. யூரின் இன்ஃபெக்‌ஷன், மூத்திரம் அடைத்தது, மூத்திரம் போக டியூப் போட்டது எல்லாமே இந்த எண்ணை எகிற வைக்கும். டியூப் போட்ட அன்றைக்கே எடுத்த பி.எஸ்.ஏ.வை வைத்துக்கொண்டு யாரும் அழ வேண்டாம்; இன்ஃபெக்‌ஷன் ஆறி, ஆறு வாரம் போல விட்டு, முடிந்தால் அதே லேபில் திரும்ப எடுங்கள். முந்தின இரண்டு நாள் உடலுறவும் நீண்ட சைக்கிள் ஓட்டமும் வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் ஒன்று உண்டு, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. புராஸ்டேட் வீக்கத்துக்கு டுடாஸ்டெரைடு அல்லது ஃபினாஸ்டெரைடு சேர்ந்த மாத்திரை கொடுப்பார்கள். அதை ஆறு மாதம், ஒரு வருடம் என்று சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகக் குறைந்து காட்டும். ரிப்போர்ட்டில் 3 என்று இருந்தால் உண்மையில் 6 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மாத்திரைப் பட்டையைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்து விரல் பரிசோதனை. ஆசனவாய் வழியாக விரல் விட்டு சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. இதற்குப் பயந்தே ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதவர்கள் நம் தெருவில் நிறைய. கடலில் போய் வலை இழுத்தவர், ஹார்பரில் மூட்டை தூக்கியவர் எல்லாம் இந்த ஒரு நிமிடத்துக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பயாப்ஸிக்கு முன் எம்.ஆர்.ஐ.

வசதி இருக்கும் இடத்தில் இப்போது முதலில் எம்.ஆர்.ஐ., பிறகுதான் பயாப்ஸி, அதாவது சுரப்பியில் துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் பைராட்ஸ் என்று ஒரு மதிப்பெண் 1 முதல் 5 வரை இருக்கும். 1, 2 என்றால் சந்தேகம் குறைவு, 4, 5 என்றால் அதிகம், 3 நடுவில். எந்த இடத்தில் ஊசியால் குத்த வேண்டும் என்பதற்கும் இது வழி காட்டும். பயாப்ஸி செய்த பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தால் உள்ளே கட்டிய ரத்தம் படத்தைக் குழப்பிவிடும், அதனால் வரிசை முக்கியம்.

பயாப்ஸி பெரும்பாலும் உள்ளே தங்காமல் செய்வது. மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்ட் உதவியோடு ஆசனவாய் வழியாகவோ, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள தோல் வழியாகவோ சுமார் 12 இடங்களில் மெல்லிய துணுக்கு எடுப்பார்கள். தோல் வழியாகச் செய்வதில் கிருமி தொற்றும் வாய்ப்பு குறைவு. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. மூத்திரத்தில் சில நாளும் விந்தில் சில வாரமும் ரத்தம் வரலாம், அது சகஜம். குளிர்ஜுரம் வந்தால் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே கேஷுவாலிட்டிக்குப் போய்விடுங்கள்.

ஊசி குத்தினால் பரவும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. பயாப்ஸி செய்யாமல் தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

இந்த இடத்தில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாம் இதில்தான் தொங்குகிறது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'அடினோகார்சினோமா' என்று முதல் வரியில் இருக்கும். அதோடு கண்ணை மூடிவிடாமல் கீழே போனால் 'க்ளீசன் 3+4=7, 12-ல் 3 துணுக்குகளில்' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அதுதான் உங்கள் நோயின் குணம்.

டொனால்ட் க்ளீசன் என்ற அமெரிக்க மருத்துவர் 1960-களில் உருவாக்கிய முறை இது. மைக்ராஸ்கோப்பில் கேன்சர் செல்கள் எந்த அளவுக்கு ஒழுங்கு கெட்டு இருக்கின்றன என்று பார்த்து, அதிகம் காணப்படும் வகைக்கு ஒரு எண், அடுத்த வகைக்கு ஒரு எண் போட்டுக் கூட்டுவார்கள். இப்போது பயாப்ஸியில் 3-க்குக் கீழே போடுவதில்லை. அதாவது 6 என்பதுதான் ஆகக் குறைவு. பத்துக்கு ஆறா என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். உண்மையில் அது இருப்பதிலேயே சாதுவான வகை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் பிறகு கிரேடு குரூப் என்று 1 முதல் 5 வரை கொண்டுவந்தார்கள்: 3+3 என்றால் 1, 3+4 என்றால் 2, 4+3 என்றால் 3, கூட்டல் 8 என்றால் 4, 9-ம் 10-ம் 5. ஆக 3+4-ம் 4+3-ம் கூட்டினால் ஏழுதான் என்றாலும் ஒன்றில்லை, இரண்டாவதில் முரட்டு செல்கள் அதிகம்.

ஆபரேஷன் துணுக்கில் கேன்சர் என்று தெரிந்தவர்களுக்கும் இதே கணக்குதான். வீக்கத்துக்கு ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது துணுக்கு ரிப்போர்ட் வந்திருக்காது, பிறகு வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். மூத்திரம் நன்றாகப் போகிறதே என்று அந்த ரிப்போர்ட்டை வாங்காமலே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து போய் வாங்குங்கள்.

ரிப்போர்ட்டில் சந்தேகம் இருந்தால் பயாப்ஸி துணுக்கு இருக்கும் கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் எழுதிக் கொடுத்து வாங்கி, கேன்சர் ஆஸ்பத்திரி ஒன்றில் இன்னொரு பெத்தாலஜிஸ்ட்டிடம் (துணுக்கைப் பார்த்து ரிப்போர்ட் தரும் டாக்டர்) காட்டலாம். இதில் டாக்டருக்கு அவமரியாதை ஒன்றும் இல்லை. க்ளீசன் எண் ஒன்று மாறினாலே சிகிச்சை மாறும்.

பரவியிருக்கிறதா?

நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை டி, என், எம் என்ற மூன்று எழுத்தில் குறிப்பார்கள். டி1, டி2 என்றால் சுரப்பிக்குள்ளேயே இருக்கிறது. டி3 என்றால் உறையைத் தாண்டிவிட்டது. டி4 என்றால் மூத்திரப்பை, மலக்குடல் போன்ற பக்கத்து உறுப்பைத் தொட்டுவிட்டது. 'என்' என்பது நெறிக்கட்டி, 'எம்' என்பது எலும்பு போன்ற தூரத்து இடங்கள். இதைப் பார்க்க எலும்பு ஸ்கேனும் சி.டி.யும் எடுப்பார்கள், அல்லது இரண்டுக்கும் பதிலாக, புராஸ்டேட் கேன்சர் செல்களை உடம்பு முழுக்கத் தேடிக் காட்டும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன். பெட் ஸ்கேன் துல்லியமானது, விலையும் அதிகம். பி.எஸ்.ஏ. 10-க்குள், க்ளீசன் 6 உள்ளவருக்கு இந்த ஸ்கேன்கள் பெரும்பாலும் தேவையே இல்லை. யாராவது எடுத்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினால் இது எதை மாற்றப்போகிறது என்று கேளுங்கள். பி.எஸ்.ஏ. 20-க்கு மேல், அல்லது க்ளீசன் 8 அல்லது அதற்கு மேல் என்றால் கண்டிப்பாகத் தேவை.

இப்போது ஒரு வெள்ளைத்தாள் எடுத்து இவற்றை எழுதுங்கள்: வயசு, பி.எஸ்.ஏ., கிரேடு குரூப், எத்தனை துணுக்கில் இருந்தது, டி-என்-எம், சுகர், பிரஷர், இதய நோய் உண்டா, இப்போது மூத்திரம் எப்படிப் போகிறது. பை நிறைய ரிப்போர்ட் வைத்துக்கொண்டு தடுமாறுவதைவிட இந்த ஒரு தாள் டாக்டரின் ஐந்து நிமிடத்தைப் பத்து நிமிடமாக்கும். அந்தத் தாளை நோயாளியே படிக்க வேண்டும் என்பது என் கட்சி. மறைத்து வைத்துச் சிகிச்சை கொடுக்கிற நோய் இல்லை இது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒவ்வொரு விலை உண்டு, அந்த விலையைக் கொடுக்கப்போவது அவர் உடம்பு.

எந்த நிலைக்கு என்ன சிகிச்சை

முதலில், நம் ஆட்கள் நம்பவே மறுக்கும் ஒன்று: சிகிச்சை செய்யாமல் கண்காணிப்பது. பி.எஸ்.ஏ. 10-க்குள், கிரேடு குரூப் 1, சுரப்பிக்குள் மட்டும் என்றால் உலகம் முழுக்க முதலில் பேசப்படுவது இதுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ., இடையில் விரல் பரிசோதனை, எம்.ஆர்.ஐ., ஒரு வருடம் போல் கழித்துத் திரும்ப பயாப்ஸி. நோய் குணம் மாறினால் அப்போது சிகிச்சை. இங்கிலாந்தில் ப்ரொடெக்ட் என்ற பெரிய ஆய்வில் 1643 ஆண்களை ஆபரேஷன், கதிர்வீச்சு, கண்காணிப்பு என்று மூன்றாகப் பிரித்துத் தொடர்ந்தார்கள். 2023-ல் 15 வருட முடிவு வந்தது. புராஸ்டேட் கேன்சரால் இறந்தவர்கள் மூன்று பிரிவிலும் 100-க்கு மூன்று பேர் அளவுதான், பெரிய வித்தியாசம் இல்லை. கண்காணிப்பில் இருந்தவர்களில் நோய் பரவியது மற்ற பிரிவுகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, பாதிக்கு மேற்பட்டோர் பிறகு ஏதோ ஒரு சிகிச்சைக்கு வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதற்கு ஒழுங்காகத் திரும்பி வருகிறவராக இருக்க வேண்டும்; ஒரு தடவை போய்விட்டு மூன்று வருடம் கழித்து வருகிற ஆளுக்கு இது சரிப்படாது.

ஆபரேஷன் என்றால் சுரப்பி முழுவதையும் விந்துப்பைகளோடு எடுப்பது. இது வீக்கத்துக்குச் சுரண்டி எடுக்கும் ஆபரேஷன் இல்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வயிற்றைத் திறந்தோ, சின்னத் துளைகள் வழியாக லேப்ராஸ்கோப்பியிலோ, ரோபோட் வைத்தோ செய்யலாம். ரோபோட் என்றால் இயந்திரம் தானாகச் செய்வது என்று நினைக்கிறார்கள். டாக்டர்தான் கைப்பிடியை இயக்குகிறார். ரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் வீட்டுக்கு வரலாம். ஆனால் ஆஸ்திரேலியாவில் திறந்த ஆபரேஷனையும் ரோபோட்டையும் ஒப்பிட்ட ஆய்வில் இரண்டு வருடம் கழித்து மூத்திரக் கட்டுப்பாட்டிலும் ஆண்மையிலும் இரண்டு பிரிவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. அதனால் கருவியின் பெயரைவிட, இந்த ஆபரேஷனை அவர் வருடத்துக்கு எத்தனை செய்கிறார் என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம். நகையை அடகு வைத்து ரோபோட்டுக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு மூத்திர டியூப் ஒன்று, இரண்டு வாரம் இருக்கும். எடுத்த பிறகு இருமினால், எழுந்தால் மூத்திரம் சொட்டும். பெரும்பாலானவர்களுக்கு மாதங்கள் போகப் போகக் கட்டுப்படும், சிலருக்கு முழுதாகச் சரியாவதில்லை. மூத்திரத்தைப் பாதியில் நிறுத்துகிற தசையை இறுக்கி விடும் பயிற்சியை ஆபரேஷனுக்கு முன்பே பழகிக்கொள்வது நல்லது. விறைப்பு குறையும். நரம்பைக் காப்பாற்ற முடிந்ததா, வயசு என்ன, முன்பு எப்படி இருந்தது என்பதைப் பொறுத்து அது திரும்பும் அல்லது திரும்பாது. விந்து வராது. இதையெல்லாம் டாக்டரிடம் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் பக்கத்து ஆளிடம் மெல்லக் கேட்கிறார்கள். மனைவியையும் உள்ளே அழைத்துப்போய் நேராகக் கேளுங்கள்.

கதிர்வீச்சு, நம் பேச்சில் 'கரண்ட் வைக்கிறது'. சுரப்பிக்குள் இருக்கும் நோய்க்கு ஆபரேஷனுக்கு இணையான பலன் தரும். முன்பு ஏழெட்டு வாரம் தினமும் போக வேண்டியிருந்தது, இப்போது பலருக்கு 20 தடவையில், அதாவது நாலு வாரத்தில் முடிக்கிறார்கள். சில இடங்களில் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு 5 தடவையிலேயே. வலி இருக்காது. ஆனால் ஒவ்வொரு நாளும் மலக்குடல் காலியாகவும் மூத்திரப்பை நிறைந்தும் இருக்க வேண்டும். இது சாதாரண விஷயம் மாதிரித் தெரியும். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி அடையாறு பக்கம் போகிற ஒருவர் வீட்டிலேயே தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினால் சென்ட்ரல் வருவதற்குள் தவித்துப்போவார். அங்கே போய்ச் சேர்ந்து, அவர்கள் சொல்லும் நேரத்தில், சொல்லும் அளவு குடித்தால் போதும். சிகிச்சை நடக்கும்போது மூத்திர எரிச்சல், அடிக்கடி வெளிக்குப் போவது இருக்கும். சிலருக்கு வருடங்கள் கழித்து மலத்தில் ரத்தம் வரலாம். விறைப்பு இதிலும் மெதுவாகக் குறையும்.

பி.எஸ்.ஏ., கிரேடு குரூப், டி நிலை மூன்றையும் சேர்த்துப் பார்த்து நோயைக் குறைந்த, நடுத்தர, அதிக ஆபத்து என்று பிரிப்பார்கள். நடுத்தர ஆபத்து என்றால் கதிர்வீச்சோடு நாலு முதல் ஆறு மாதம் ஹார்மோன் ஊசி சேர்ப்பார்கள், அதிக ஆபத்து என்றால் ஒன்றரை முதல் மூன்று வருடம். ஊசி எவ்வளவு காலம் என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள்.

ஹார்மோன் சிகிச்சையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. இந்தக் கேன்சருக்குத் தீனி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன். அதை நிறுத்தினால் நோய் சுருங்கும் என்று அமெரிக்காவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற டாக்டர் 1941-ல் காட்டினார், 1966-ல் நோபல் பரிசு பெற்றார். நிறுத்த இரண்டு வழி: மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஊசி, இல்லை விதையை எடுக்கும் சின்ன ஆபரேஷன். பரவிய நோய்க்கு வாழ்நாள் முழுக்க ஊசி என்று இருந்தால், ஊசி செலவைத் தாங்க முடியாத குடும்பத்துக்கு ஆபரேஷன் நல்ல வழிதான். ஹார்மோனைக் குறைப்பதில் இரண்டும் சமம். ஆசை குறைவது, விறைப்பு போவது, திடீரென உடம்பு சூடாகி வியர்ப்பது, எடை ஏறுவது, எலும்பு மெலிவது, சுகர் கூடுவது எல்லாம் இரண்டிலும் உண்டு. குரல் மாறாது. ஆனால் ஆறு மாத ஊசி மட்டும் தேவைப்படுகிறவருக்கு யாராவது விதையை எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள், ஏனென்றால் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

லூப்ரோலைடு போன்ற ஊசிகள் முதலில் சில நாள் ஹார்மோனை ஏற்றிவிட்டுத்தான் இறக்கும். அந்த ஏற்றம் நோயைத் தூண்டாமல் இருக்க பைக்கலுட்டமைடு மாத்திரையைக் கூடவே அல்லது முன்பே ஆரம்பிப்பார்கள். முதுகெலும்பில் பரவியவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

பரவியிருந்தால் இப்போது ஊசி மட்டும் போதும் என்று விடுவதில்லை. உடம்பு தாங்குமானால் ஆரம்பத்திலேயே அபிராடெரோன், என்சலுட்டமைடு, அபாலுட்டமைடு போன்ற, ஆண் ஹார்மோனை இன்னும் அடக்கும் மருந்துகளில் ஒன்றைச் சேர்க்கிறார்கள், சிலருக்கு டோசிடாக்செல் கீமோவும் உண்டு. அபிராடெரோன் வெறும் வயிற்றில் சாப்பிடுவது, கூடவே ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, பிரஷரும் பொட்டாசியமும் லிவரும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி விலை மிகவும் வேறுபடும், மருந்துச் சீட்டில் வேதிப்பெயரில் எழுதித் தரச் சொல்லுங்கள். முழுதாகக் குணமாகாது என்றாலும் பலர் வருடக்கணக்கில் நடமாடி வேலை செய்துகொண்டு இருக்கிறார்கள். எலும்பைக் காக்கும் ஊசி போடும் முன் பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் தாடை எலும்பில் தொல்லை வரலாம்.

எங்கே போவது, காசுக்கு என்ன செய்வது

பழைய ஜெயில் ரோடு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் யூராலஜி, அதாவது மூத்திர உறுப்புகளுக்கான பிரிவு, இருக்கிறது. பழைய ஆட்களுக்கு அது இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். கதிர்வீச்சுக்கும் கேன்சர் டாக்டருக்கும் சென்ட்ரல் எதிரில் ஜி.எச்., ராயப்பேட்டை அரசு மருத்துவமனை, அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் என்று போகலாம். ஐ.சி.எஃப்., ரயில்வேயில் ரிடையர் ஆனவர்களுக்குப் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி, அங்கே இல்லாத சிகிச்சைக்கு அங்கிருந்தே ரெஃபரல் கேட்க வேண்டும். இ.எஸ்.ஐ. இருப்பவர்கள் அயனாவரத்தில் ஆரம்பிக்கலாம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் இன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று வேண்டும். சென்னை மாவட்டக்காரர்களுக்குப் பதிவு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸில். தனியாரில் சேரும் முன் அந்தச் சிகிச்சைக்கு அந்த ஆஸ்பத்திரியில் அட்டை செல்லுமா, ஸ்கேனும் மாத்திரையும் அதில் அடங்குமா என்று காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிடுங்கள். ஒரு தனியார் இடத்தில் எங்களிடம் 'எல்லாம் அட்டையிலே போயிடும்' என்று வாயால் சொல்லிவிட்டுப் பிறகு பில் நீட்டினார்கள். எழுத்தில் கேளுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஆபரேஷன் செய்கிற யூராலஜி டாக்டரையும் கதிர்வீச்சு டாக்டரையும் இருவரையுமே பாருங்கள். அவரவர் கையில் இருக்கும் சிகிச்சையைத்தான் அவரவர் முதலில் சொல்வார்கள், அது இயல்பு. இருவரிடமும் அதே தாளைக் காட்டி, எனக்கு இது தேவையா, செய்யாவிட்டால் பத்து வருடத்தில் என்ன ஆகும், உங்களிடம் செய்தவர்களுக்கு மூத்திரம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். 80 வயசில் இதய நோயோடு இருப்பவருக்கும் 58 வயசில் திடமாக இருப்பவருக்கும் ஒரே க்ளீசன் எண் வந்தாலும் பதில் வேறாக இருக்க வேண்டும்.

நாட்டு மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். கேன்சரை அறவே ஒழிப்பேன், ஊசியை நிறுத்து என்று சொல்கிறவரிடம் மட்டும் போகாதீர்கள்.

முடிந்த பிறகு

ஆபரேஷனுக்குப் பிறகு பி.எஸ்.ஏ. கிட்டத்தட்ட பூஜ்யமாக வேண்டும். திரும்ப ஏறி 0.2-ஐத் தொட்டால் நோய் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள், அப்போதும் கதிர்வீச்சு கொடுத்துக் கட்டுப்படுத்த வாய்ப்பு உண்டு. கதிர்வீச்சுக்குப் பிறகு கணக்கு வேறு: பி.எஸ்.ஏ. மெதுவாக இறங்கும், தொட்ட ஆகக் குறைந்த அளவிலிருந்து 2 ஏறினால்தான் திரும்பியதாக எடுப்பார்கள். நடுவில் கொஞ்சம் ஏறி இறங்குவதும் உண்டு. பி.எஸ்.ஏ. எண்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

எலும்பில் பரவியவர்கள் வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது: முதுகுவலி திடீரென அதிகமாகி, கால் மரத்துப்போய் அல்லது பலம் குறைந்து, மூத்திரமோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போனால் தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தம். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை இருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு அன்றே போக வேண்டும், மணிக்கணக்கில் தாமதமானால்கூட நடை திரும்பாமல் போகலாம்.

கடைசியாக, அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இந்த நோய் வந்த வீட்டில் மற்ற ஆண்களுக்கும் வாய்ப்பு அதிகம். தம்பிகளும் மகன்களும் 45 வயசில் ஒரு பி.எஸ்.ஏ. எடுத்துவிடுங்கள். பரவிய நோயாக இருந்தாலோ, குடும்பத்தில் பெண்களுக்கு மார்பகமோ சினைப்பையோ கேன்சர் வந்திருந்தாலோ, பரம்பரையாக இந்தக் கேன்சர்கள் வரும் வாய்ப்பைப் பார்க்கும் பி.ஆர்.சி.ஏ. மரபணு டெஸ்ட் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள், அதில் வரும் பதில் மகள்களுக்கும் உதவும்.